டைப் 1 சர்க்கரையோடு எடையைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வயது 27. பன்னிரண்டு வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகை. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. காலை எட்டு மணிக்கு 28 யூனிட், இரவு எட்டரைக்கு 20 யூனிட் என்று 30/70 கலவை இன்சுலின் போடுகிறீர்கள். வாரத்தில் மூன்று நான்கு முறை சர்க்கரை இறங்கிவிடுகிறது, பெரும்பாலும் பகல் பதினொன்றரை மணிவாக்கில், இல்லையென்றால் நடுராத்திரியில். ஆறு மாதத்தில் கல்யாணம். "இன்சுலின்தான் உன்னைக் குண்டாக்குகிறது, கொஞ்சம் குறைத்துப் போட்டுப் பார்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா, கீட்டோ உணவு (மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுவது) எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடையைப் பற்றிக் கேட்டாலும், உயிரோடு வைத்திருக்கிற மருந்தே உடம்பைக் கெடுக்கிறதோ என்ற பயம் அதற்குள் இருப்பது எனக்குத் தெரிகிறது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மதுரையில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையில் 18 வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பதும் என் வேலைதான். டோஸை மாற்றுவது உங்கள் மருத்துவர் கையில் இருக்கிறது. கீழே நான் சொல்லும் எண்களை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் பேசுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

முதலில், எந்தச் சந்தேகமும் இல்லாத விஷயம். எடைக்காக இன்சுலினைக் குறைக்கவோ விடவோ கூடாது. குறைத்தால் எடை இறங்கும், அது உண்மைதான். ஆனால் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் செல்லுக்குள் போக முடியாமல் தேங்கும். 180ஐத் தாண்டினால் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரில் வழியத் தொடங்கும், கூடவே தண்ணீரும் போகும். உடம்பு பட்டினி என்று நினைத்துக்கொண்டு கொழுப்பையும் தசையையும் கரைக்கும். அப்படிக் கரைவதில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து, ரத்தம் அமிலமாகி, ஒரே நாளில் ஐசியு வரைக்கும் கொண்டுபோய்விடும். அமெரிக்காவில் டைப் 1 உள்ள 234 பெண்களை 11 வருடம் பின்தொடர்ந்து 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. இன்சுலினை வேண்டுமென்றே குறைத்துப் போட்டவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. சிறுநீரகக் கோளாறும் கால் பிரச்சினைகளும்கூட அவர்களுக்கு அதிகம். என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவி நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியிருந்தாள். தோழிகள் எல்லாரும் பாராட்டினார்களாம். என் எதிரே உட்கார்ந்தபோது மூச்சில் அழுகிய பழ வாசனை அடித்தது. எடை பார்க்கும் மெஷினில்கூட ஏற்றாமல் நேராக அவசரப் பிரிவுக்கு அனுப்பினோம்.

அதற்காக வீட்டில் சொல்வது முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் டைப் 1 உள்ள 1,441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வுதான் இன்றைய சிகிச்சைக்கே அடிப்படை. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால், பாதிப்பே இல்லாதவர்களுக்குப் புதிதாக விழித்திரைப் பாதிப்பு வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் அப்படிக் கட்டுப்படுத்தியவர்கள் ஐந்து வருடத்தில் மற்றவர்களைவிடச் சராசரியாக 4.6 கிலோ கூடுதலாக ஏறினார்கள். அடுத்தவர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியதும் அவர்களுக்கு மூன்று மடங்கு அதிகம். இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், அதற்கு மறுபடி வருகிறேன்.

எடை ஏறியதில் ஒரு பகுதி, முன்பு சிறுநீரில் போய்க்கொண்டிருந்த சத்து உடம்பிலேயே தங்கியதால் வந்தது. ஒரு நாளில் 100 கிராம் குளுக்கோஸ் அப்படிப் போனால் 400 கலோரி. சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் அது நின்றுவிடும், சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். இன்னொரு பகுதியை ஏறியது என்றே சொல்லக் கூடாது, இழந்ததைத் திரும்பப் பெற்றது. எலிசபெத் ஹியூஸ் என்ற அமெரிக்கப் பெண் 1922 ஆகஸ்டில் டொரன்டோவில், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங்கிடம் போனபோது அவளுக்கு ஏறக்குறைய 15 வயது, எடை 20 கிலோ. இன்சுலின் வருவதற்கு முன் பட்டினி போட்டுத்தான் இந்த நோயாளிகளைக் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருந்தார்கள். இன்சுலின் போட்டதும் எடை ஏறி, 73 வயது வரை வாழ்ந்து 1981இல்தான் இறந்தார். உங்கள் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் 74 கிலோவுக்கு வருவோம். நீங்கள் சொன்ன விவரத்தில் என் கண்ணில் முதலில் பட்டது எடை இல்லை, அந்தப் பதினொன்றரை மணியும் நடுராத்திரியும்தான். 30/70 கலவையில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும் ரெகுலர் இன்சுலின், 70 பங்கு மெதுவாக வேலை செய்யும் என்பிஹெச். காலை எட்டு மணிக்குப் போட்ட ரெகுலர் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை உச்சத்தில் இருக்கும். அதே நேரத்தில் என்பிஹெச்சும் மேலே ஏற ஆரம்பிக்கும். நீங்கள் சாப்பிட்ட இட்லி அதற்குள் செரித்து முடிந்திருக்கும். இரவு எட்டரைக்குப் போட்டதில் உள்ள என்பிஹெச் நள்ளிரவிலிருந்து மூன்று மணி வரை உச்சம். உங்களுக்குச் சர்க்கரை இறங்கும் நேரங்கள் இந்த இன்சுலினின் மேடு பள்ளத்தோடு அச்சு அசலாகப் பொருந்துகின்றன. பதினொரு மணிக்கு பிஸ்கட், படுக்கும் முன் பால் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பதும் இதனால்தான். பசிக்காக நீங்கள் சாப்பிடவில்லை, இன்சுலினுக்காகச் சாப்பிடுகிறீர்கள். இந்த நிலையில் யார் என்ன டயட் எழுதிக் கொடுத்தாலும் இரண்டு வாரத்தில் உடைந்துபோகும். அதற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல முடியாது.

நடுராத்திரி சர்க்கரை இறங்கினால் என்ன நடக்கிறது என்று எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வியர்த்து நனைந்து எழுகிறார்கள். கை நடுங்குகிறது, அடங்காத பசி. லைட்டைப் போட்டதும் அம்மா எழுந்துவிடுவார். சர்க்கரை போட்ட ஹார்லிக்ஸ் ஒரு டம்ளர், நாலு பிஸ்கட், பத்து நிமிடத்தில் நடுக்கம் நிற்கவில்லை என்றால் ஒரு வாழைப்பழம். கூட்டினால் 400 கலோரிக்குக் குறையாது. உண்மையில் அந்த நேரத்தில் தேவைப்படுவது 15 கிராம் குளுக்கோஸ், அதாவது 60 கலோரி. மிச்சம் 340. வாரத்துக்கு நான்கு முறை என்றால் 1,360. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று கணக்கிட்டால் வருடத்துக்கு ஒன்பது கிலோ வருகிறது. உடம்பு அப்படி நேர்க்கோட்டில் ஏறாது, அதனால் இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பாதி என்று வைத்தாலும் உங்கள் எடையில் கணிசமான பங்குக்கு இதுவே காரணமாக இருக்கலாம். இறங்கியதைச் சரிசெய்யச் சாப்பிட்டது விடிகாலையில் 280 காட்டும். அதைப் பார்த்து இரவு டோஸைக் கூட்டுவார்கள். மறுபடி இறங்கும், மறுபடி சாப்பாடு. டிசிசிடியில் எடையும் லோ சுகரும் சேர்ந்தே ஏறியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதனால் உங்கள் விஷயத்தில் முதல் வேலை லோ சுகரை நிறுத்துவது. டயட் அதற்கு அப்புறம்தான். இதற்கு மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "எனக்குக் கலவை இன்சுலினுக்குப் பதிலாகப் பேசல் போலஸ் முறைக்கு மாறலாமா?" பேசல் என்பது நாள் முழுக்கச் சமமாக வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலின், ஒரு தடவை போடுவது. போலஸ் என்பது சாப்பாட்டுக்கு மட்டும், ஒவ்வொரு வேளைக்கும் தனியாக. ஊசி இரண்டிலிருந்து நான்காகும். ஆனால் பதினொரு மணி பிஸ்கட் கட்டாயமில்லை. சோறு குறைத்தால் அந்த வேளை டோஸைக் குறைக்கலாம். ஒரு வேளை பசிக்கவில்லை என்றால் சாப்பாட்டு ஊசியை விட்டுவிட்டுப் பேசலோடு இருக்கலாம். கலவை இன்சுலினில் இது எதுவுமே முடியாது, காலையில் போட்டது மதியம் வரை உங்களைத் துரத்தும். விலை கூடிய புது இன்சுலின்கள் கட்டுப்படியாகாது என்றாலும் வழி இருக்கிறது. மூன்று வேளை ரெகுலர், படுக்கும்போது என்பிஹெச் என்று பிரித்துப் போடலாம். அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகக் கிடைப்பவை இவைதான். புது இன்சுலின் அளவுக்குச் சமமாக இருக்காது, கலவையைவிட நிச்சயம் வளைந்து கொடுக்கும்.

மாறும்போது ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் பாட்டில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டாகவும் வருகிறது, 100 யூனிட்டாகவும் வருகிறது. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் பாட்டிலைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு டோஸ் உள்ளே போய்விடும். மருந்துக்கடையில் வாங்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, ஊசி போடும் இடம். 15 வருடமாகப் போடுகிறீர்கள். மல்லாந்து படுத்துக்கொண்டு, விரல் நுனியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்டு, தொப்புளின் இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்தித் தடவிப் பாருங்கள். ரப்பர் மாதிரி, சில நேரம் எலுமிச்சை அளவுக்குக்கூட, மெத்தென்று தடிப்பு தட்டுப்படும். ஒரே இடத்தில் குத்திக் குத்தி வந்த கொழுப்புக் கட்டி அது. அங்கே போட்டால் வலிக்காது, அதனாலேயே எல்லாரும் அங்கேயே போடுவார்கள். ஆனால் இன்சுலின் அங்கிருந்து இஷ்டத்துக்கு உறிஞ்சப்படும், இன்று பாதி, நாளை முழுசாக. காரணம் தெரியாத லோ சுகர்களில் பல இதிலிருந்து வருகின்றன. கட்டி இருந்தால் அந்த இடத்தை மாதக் கணக்கில் விட்டுவிட வேண்டும். நல்ல இடத்துக்கு மாறும் நாளில் அதே டோஸ் அதிகமாக வேலை செய்யும் என்பதால், மருத்துவரிடம் சொல்லி டோஸைக் குறைத்துக்கொண்டு மாறுங்கள்.

லோ சுகர் வாரத்துக்கு ஒன்றுக்குக் கீழே வந்த பிறகு சாப்பாட்டைத் தொடலாம். இங்கே டைப் 1 உள்ளவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான், அது பெரிய வித்தியாசம். மற்றவர்கள் சோற்றைக் குறைத்தால் அவர்கள் கணையம் தானாக இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். உங்களுக்கு அதைக் கையால் செய்ய வேண்டும், அன்றைக்கே, அந்த வேளைக்கே. சாப்பாடு குறைந்ததால் இன்சுலின் குறைவது சரியான வரிசை. எடை குறைவதற்காக இன்சுலினைக் குறைப்பது தலைகீழ் வரிசை. வீட்டில் இருப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான்.

ஒரு உதாரணம். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, நீங்கள் வழக்கமாகத் தட்டில் போட்டுக்கொள்ளும் சோற்றை ஒரு நாள் நிறுத்துப் பாருங்கள். என்னிடம் "ஒரு கப்தான் மேடம்" என்று சொன்ன பலர் தட்டில் 350 கிராம் இருந்திருக்கிறது. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. நீங்கள் அதை 200 கிராமாகக் குறைத்தால் சுமார் 42 கிராம் மாவுச்சத்து குறைகிறது. ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்பதற்கு 500ஐ ஒரு நாளின் மொத்த யூனிட்டால் வகுக்கும் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. உங்களுக்கு 500ஐ 48ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10. அதன்படி அந்தச் சோற்றுக் குறைப்புக்கு நான்கு யூனிட் குறைய வேண்டும். அந்த நான்கையும் போட்டுவிட்டு 200 கிராம் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் பிஸ்கட் டப்பா திறக்கும். இது தொடக்கக் கணக்குதான், ஒவ்வொருவருக்கும் மாறும், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகக்கூட இருக்கும். சாப்பிடும் முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்துப் பார்த்துத்தான் உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க முடியும். தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும், இரண்டு வாரம் ஓடும் சென்சார் ஒன்றை ஒட்டிக்கொள்ள முடிந்தால் இந்தக் கட்டத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க வாங்க முடியாதவர்களுக்கும் இந்த இரண்டு வாரத்தில் நிறையப் புரிந்துவிடும்.

மாவுச்சத்தை மட்டுமே எண்ணுவதில் ஒரு ஆபத்து உண்டு. சர்க்கரையை ஏற்றாத எண்ணெயும் தேங்காயும் கணக்கிலிருந்து தப்பிவிடும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. தோசைக்கு இரண்டு, பொரியலுக்கு இரண்டு, குழம்பு தாளிக்க ஒன்று என்று ஒரு ஆள் பங்குக்கே எளிதாக ஐந்து தேக்கரண்டி போய்விடுகிறது. ரத்தச் சர்க்கரை அழகாக 130 காட்டும், எடை மட்டும் அசையாது. நான் சொல்வது, மாதத்துக்கு ஒரு ஆளுக்கு அரை லிட்டர் எண்ணெய் என்று அளந்து வையுங்கள். தேங்காய்ச் சட்னியை வாரத்தில் இரண்டு நாளாக்கி, மற்ற நாள் தக்காளி, புதினா. ஒவ்வொரு வேளையிலும் முட்டையோ மீனோ பயறோ தயிரோ இருக்கட்டும், பசி தாங்கும். சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். அவரைக்காய், பீர்க்கங்காய், கீரை எல்லாம் தட்டில் பாதி. இது நீங்கள் நூறு தடவை கேட்டதுதான், அதனால் நீட்டவில்லை.

வேகம் எவ்வளவு? வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ. அதற்கு மேல் வேகமாகப் போனால் டோஸை ஈடுகொடுத்து மாற்றுவது கஷ்டம். ஆறு மாதத்தில் ஆறு முதல் எட்டு கிலோ வரை என் அனுபவத்தில் நடக்கக்கூடியது. உங்கள் உயரத்துக்கு 74 கிலோ என்றால் பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) ஏறக்குறைய 29.6. இந்தியர்களுக்கு 25க்கு மேல் உடல் பருமன் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது உங்களுக்கு 62 கிலோவில் வருகிறது. கல்யாணத்துக்குள் அதைத் தொட வேண்டும் என்று நினைத்தால் தப்பான வழிகள்தான் கண்ணில் படும். எடை இறங்க இறங்கப் பேசல் இன்சுலினும் குறைய வேண்டும். தொடக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் குறைப்பது வழக்கம். விடிகாலை சர்க்கரை இரண்டு நாள் தொடர்ந்து 80ஐ ஒட்டி வந்தாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள், 60 வரை காத்திருக்க வேண்டாம்.

கீட்டோவைப் பற்றி. இங்கே நான் உறுதியாகப் பேச முடியாது, அதற்குக் காரணமும் சொல்கிறேன். 2018இல் மிகக் குறைந்த மாவுச்சத்து உணவு எடுக்கும் டைப் 1 உள்ள 316 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு வந்தது. அவர்களின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 5.67 சதவீதம், அசர வைக்கும் எண். ஆனால் அவர்கள் எல்லாரும் அந்த உணவுமுறையில் ஏற்கெனவே ஈடுபாடு கொண்ட ஒரு குழுவிலிருந்து தாங்களாக முன்வந்தவர்கள். முடியாமல் விட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆட்களைப் பிரித்து நீண்ட காலம் ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு டைப் 1க்கு இல்லை. இன்னொரு பக்கம், கீட்டோவில் கீட்டோன் எப்போதும் கொஞ்சம் இருக்கும் என்பதால், ஆபத்தான கீட்டோன் தொடங்கும்போது அடையாளம் காண்பது கஷ்டம். ஈரலில் குளுக்கோஸ் இருப்பு குறைந்திருப்பதால், மயங்கி விழுந்தால் போடும் குளுக்ககான் ஊசியும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். கலவை இன்சுலினில் இருந்துகொண்டு, வாரத்துக்கு நான்கு முறை சர்க்கரை இறங்குகிற உங்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 130 முதல் 150 கிராம் வரை கொண்டுவருவதே உங்கள் இப்போதைய சாப்பாட்டோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றமாக இருக்கும். பதினாறு மணி நேர விரதமும் இதே ரகம்தான். பேசல் டோஸ் துல்லியமாக இருப்பவர்கள் சிலர் சமாளிக்கிறார்கள். கலவை போடுபவர்களுக்குச் சஷ்டி விரதமே ஆபத்து.

உடற்பயிற்சியில் உங்களுக்கு ஒரு நல்ல நேரம் இருக்கிறது: காலையில், இன்சுலின் போடுவதற்கு முன், வெறும் வயிற்றில். அந்த நேரத்தில் முந்தின இரவின் இன்சுலின் பெரும்பாலும் அடங்கியிருக்கும், சாப்பாட்டு இன்சுலின் உடம்பில் இருக்காது. அதனால் அரை மணி நடந்தாலும் சர்க்கரை விழும் வாய்ப்பு குறைவு. மாலை நடையில் பகல் இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், அதோடு நடந்தால் சடாரென்று இறங்கும். தொடங்கும்போது சர்க்கரை 126க்கும் 180க்கும் நடுவில் இருப்பது நல்லது. 90க்குக் கீழே என்றால் முதலில் கொஞ்சம் குளுக்கோஸ். 250க்கு மேல் என்றால் கீட்டோன் பட்டையில் (ஸ்டிரிப்) பாருங்கள், கீட்டோன் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம். நடையோடு நிறுத்தாமல் வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்குங்கள். ஜிம் தேவையில்லை, இரண்டு தண்ணீர் பாட்டில் போதும், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே தொடைக்கு வேலைதான். தசை கூடினால் அதே இன்சுலின் நன்றாக வேலை செய்யும். எடை தூக்கும்போது சர்க்கரை கொஞ்ச நேரம் ஏறுவது இயல்பு, அதைப் பார்த்து உடனே ஊசி போட்டுவிடாதீர்கள். பயிற்சியின் விளைவு 24 மணி நேரம் வரை நீளும். சாயங்காலம் அதிகமாக வேலை செய்த நாளில் இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் எடை தூக்கக் கூடாது. அதனால் தொடங்கும் முன் ஒரு விழித்திரைப் பரிசோதனை. ரொம்ப நாள் உயரத்தில் இருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போதும் கண் தற்காலிகமாக மோசமாகலாம், அதற்கும் இந்தப் பரிசோதனை உதவும்.

மருந்துகளைப் பற்றியும் கட்டாயம் யாராவது உங்களிடம் சொல்வார்கள். மெட்ஃபார்மின்: 2017இல் டைப் 1 உள்ள 428 பேரிடம் மூன்று வருடம் பார்த்தார்கள், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது, சர்க்கரைச் சராசரியில் நிலைத்த பலன் இல்லை. டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள்: ஐரோப்பாவில் 2019இல் டைப் 1க்கு அனுமதி கொடுத்தார்கள், 2021இல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து இதில் உண்டு, மீட்டரை நம்பி ஏமாந்துபோவார்கள். டைப் 2 உள்ள மாமாவுக்கு எழுதிய மாத்திரையை எடை குறையும் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், இப்படி இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது, 2025இல் இந்தியாவுக்கு வந்து எல்லாரும் பேசும் மௌன்ஜாரோ, வெகோவி என்ற எடை குறைக்கும் ஊசிகள். இதே குடும்பத்தைச் சேர்ந்த பழைய மருந்தான லிராகுளூடைடை டைப் 1இல் சோதித்தபோது எடை குறைந்தது, கூடவே லோ சுகரும் கீட்டோனும் கூடின. டைப் 1 சிகிச்சைக்கென்று இவற்றுக்கு அனுமதி இல்லை, சில நிபுணர்கள் பருமனுக்காகக் கவனமாகக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. கல்யாணம் முடிந்து குழந்தை வேண்டும் என்று நினைத்தால், வெகோவியில் இருக்கும் செமாகுளூடைடை அதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கருத்தரிக்கும் முன் மூன்று மாதச் சராசரியை 6.5க்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். லோ சுகர் இல்லாமல் அந்த எண்ணைத் தொடுவது, என்னைக் கேட்டால், கல்யாணத்துக்கு முன் குறைக்கும் எந்த எடையையும்விட உங்களுக்குப் பெரிய சொத்து.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டைப் 1 உள்ள பெண்களுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு அதிகமாக வருகிறது, அதைக் கவனிக்காமல் விட்டால் எடையைக் குறைப்பது கஷ்டம். மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் சினைப்பை நீர்க்கட்டிக்கும் பார்க்க வேண்டும். இதற்கு மாறாக, நீங்கள் எதுவும் செய்யாமலே எடை இறங்கி, இன்சுலின் தேவையும் காரணமில்லாமல் குறைந்துகொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். அட்ரினல் சுரப்பிக் கோளாறோ குடல் உறிஞ்சுவதில் கோளாறோ இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதுவரை எப்போதாவது எடைக்காக ஊசியை விட்டிருக்கிறீர்களா? "குறைத்துப் போட்டால் என்ன" என்று கேட்பவர்களில் சிலர் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். அப்படியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், நாங்கள் யாரும் திட்ட மாட்டோம். ஆனால் அதை ஒரு மனநல ஆலோசகரின் துணையோடு முதலில் சரிசெய்ய வேண்டும், அதுவரை எடைக் கணக்கு எதையும் தொடவே கூடாது.

இப்போதைக்கு, மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை, உணவிலும் டோஸிலும் எதையும் மாற்றாமல் இரண்டு வாரம் எழுதி வையுங்கள்: சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை, யூனிட், என்ன சாப்பிட்டீர்கள், எப்போது இறங்கியது, இறங்கியதும் என்னவெல்லாம் சாப்பிட்டீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் மருத்துவருக்கு மிக முக்கியம், பெரும்பாலானவர்கள் அதைத்தான் எழுதுவதில்லை. இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யலாம். குளுக்கோஸ் பவுடரைத் தராசில் 15 கிராம் வீதம் நிறுத்துச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுங்கள், தராசு வரும்வரை மட்டமாக மூன்று தேக்கரண்டி. இரண்டு பொட்டலம் தலைமாட்டில், இரண்டு கைப்பையில். சர்க்கரை 70க்குக் கீழே வந்தால் ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் இரண்டாவது பொட்டலம். அந்தப் பதினைந்து நிமிடம் ரொம்ப நீளமாகத் தெரியும், பசி கொல்லும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் ஹார்லிக்ஸ் கலக்கப் போகாமல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சொல்லி.